தொட்டியில் மிஞ்சும் தவிடு

தாம்பரத்தில் இருந்துகொண்டு குதிரை வைத்தியம் பார்க்கிறேன் என்றால், "இங்க ஏது சார் குதிரை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஏன் இல்லை? பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இருக்கிறது. பெசன்ட் நகர், கோவளம், மாமல்லபுரம் மணலில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடப்பவை இருக்கின்றன. ஈசிஆரிலும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலும் கிளைத் தெருக்களுக்குள் திரும்பினால் சவாரிப் பள்ளிகள். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரைகள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் ஆசைப்பட்டு வாங்கி வந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பண்ணை வீட்டில் கட்டிவைத்தவை. இவை எல்லாவற்றுக்கும் மேல், நான் தொழில் படித்த இடமான கிண்டி ரேஸ் கோர்ஸ்.

பட்டம் வாங்கியது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில். 1903-ல் சைதாப்பேட்டையில் டாபின் ஹால் என்ற சின்னக் கட்டடத்தில் ஆரம்பித்த கல்லூரி அது. அந்தக் காலத்தில் கால்நடை வைத்தியம் என்றாலே பாதி குதிரை வைத்தியம்தான். நாங்கள் படிக்கும்போது மாடும் ஆடும் நாயும் போக, மிச்ச நேரத்தில்தான் குதிரை. ஆகவே கிண்டியில் ஒரு மூத்த டாக்டருக்குக் கையாளாகச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. அவர் விடியற்காலை லாயத்துக்குள் நுழைந்ததும் குதிரையைப் பார்க்க மாட்டார். தீனித் தொட்டியைப் பார்ப்பார். தொட்டி துடைத்து வைத்தாற்போல் இருந்தால் அடுத்த அறைக்குப் போய்விடுவார். அடியில் தவிடும் ஓட்ஸும் மிஞ்சியிருந்தால் அங்கேயே நின்று சைஸைக் கூப்பிடுவார். சைஸ் என்றால் குதிரையைப் பராமரிக்கிறவர். ராத்திரி பகல் அதோடு இருக்கிறவர் அவர்தான்.

"எப்போலேர்ந்து அண்ணே?"

"நாலஞ்சு நாளா சார். ஆசையாத்தான் வருது. ரெண்டு வாய் தின்னுட்டுத் தலையத் தூக்கிடுது. வெலாவத் திரும்பித் திரும்பிப் பாக்குது. புல்லப் போட்டா மட்டும் திங்குது."

வயிற்றுப் புண்ணைப் பற்றிப் பிறகு எத்தனையோ படித்துவிட்டேன். அந்த சைஸ் சொன்னதைவிடத் துல்லியமான வர்ணனையை எங்கும் பார்க்கவில்லை. பசி இருக்கிறது, தானியம் பிடிக்கவில்லை, புல் பிடிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வயிற்றின் மேல் சந்தேகம் விழ வேண்டும்.

காரணம் குதிரையின் வயிற்று அமைப்பிலேயே இருக்கிறது. அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை சின்னது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர் கொள்ளும். அதில் அமிலம் இருபத்து நான்கு மணி நேரமும் சுரக்கும். நமக்கு முக்கியமாகச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டிச் சுரக்கும்; குதிரைக்கு அந்தக் கணக்கே கிடையாது. காட்டிலும் புல்வெளியிலும் நாளில் பதினாறு மணி நேரத்துக்கு மேய்ந்துகொண்டே இருந்த பிராணி அது, வயிறு காலியாவதற்கு வாய்ப்பே இருந்ததில்லை. அமிலத்தை முறிப்பது உமிழ்நீர். ஆனால் குதிரைக்கு உமிழ்நீர் மெல்லும்போது மட்டும்தான் ஊறும். புல்லை நிறைய மெல்ல வேண்டும், தவிட்டையும் தானியத்தையும் அவ்வளவு மெல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்குத் தானியத்தில் உள்ள மாவுச்சத்து இரைப்பையின் மேல்பகுதியிலேயே புளித்துத் தனியாக வேறு அமிலங்களை உண்டாக்கும். வலியெடுத்த குதிரை தொட்டியை விட்டு விலகிப் புல்லுக்குப் போவது கொழுப்பெடுத்து அல்ல.

இரைப்பையின் உள்சுவர் இரண்டு விதம். கீழ்ப்பகுதி ஈரமாக, சிவப்பாக, தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சளிப் படலத்தோடு இருக்கும். மேல்பகுதி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, வெளிறிய தோல், உணவுக்குழாயின் தொடர்ச்சி. அதற்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. இரண்டுக்கும் நடுவே ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு ஓடும். குதிரை ஓடும்போது வயிற்றுத் தசைகள் இறுகி இரைப்பையை அழுத்தும். கீழே கிடக்கும் அமிலம் மேலே ஏறி அந்த வெளிறிய தோலை நனைக்கும். பந்தயப் பயிற்சியில் இருக்கும் குதிரைகளுக்குக் குழாய் விட்டுப் பார்த்த ஆய்வுகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் புண் இருந்திருக்கிறது. பல நாடுகளில், பல ஆண்டுகளாக, இதே கதைதான்.

மனிதர்களின் வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்டிய பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் கிடைத்தது. அதைப் படித்துவிட்டுக் குதிரைக்கும் ஆன்டிபயாடிக் கேட்டவர்கள் உண்டு. குதிரையில் அப்படி ஒரு கிருமி குற்றவாளி என்று நிரூபணமாகவில்லை. இங்கே குற்றவாளி பெரும்பாலும் கடிகாரம். அமெரிக்காவில் மைக்கேல் மர்ரே என்ற குதிரை மருத்துவர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான குதிரைகளுக்குத் தீனியை விட்டுவிட்டு நிறுத்தியே புண்ணை வரவழைத்துக் காட்டினார். வேறு எதையும் கொடுக்கவில்லை. பட்டினி மட்டும்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கேள்விகளின் வரிசை மாறிவிட்டது. குதிரைக்கு என்ன செய்கிறது என்பதற்கு முன்னால், எத்தனை மணிக்குக் கடைசியாகப் புல் போடுகிறீர்கள் என்று கேட்பேன்.

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையை ஒட்டி ஒரு சவாரிப் பள்ளி. பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட பெட்டைக் குதிரை ஒன்று அங்கே இருந்தது. நல்ல தரோபிரெட். சேணம் போட்டு வயிற்று வாரை இழுக்கிற நேரத்தில் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு கடிக்க வருகிறது, பிள்ளைகளை ஏற்றினால் நான்கு அடி நடந்து நின்றுகொள்கிறது என்று புகார். உடம்பு மெலிந்து, மயிர் மினுமினுப்பு போயிருந்தது. மேனேஜர் தீர்ப்பை முன்பே எழுதிவிட்டார். "குதிரை குணமறிஞ்சுதான் ஆண்டவன் கொம்பு கொடுக்கலைன்னு சும்மாவா சொன்னாங்க டாக்டர்? ரேஸ்ல ஓடின திமிரு."

திமிராக இருக்கலாம்தான். வாரை இழுத்தால் கடிக்கிற குதிரைக்கெல்லாம் புண் என்று சொல்லிவிட்டால் என் வேலை சுலபம். இப்போதெல்லாம் செல்போனில் பார்த்துவிட்டு அப்படித்தான் சொல்கிறார்கள்; கொட்டாவி விட்டால் அல்சர், நாக்கை நீட்டினால் அல்சர். சேணம் முதுகில் சரியாக உட்காராவிட்டாலும் கடிக்கும். கடைவாய்ப் பல் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்தாலும் தவிட்டைத் துப்பும். ஆகவே முதலில் வாயைத் திறந்து பல்லைத் தடவினேன். கூர் இருந்தது, அரம் வைத்துத் தேய்த்துவிட்டேன். முதுகை விரலால் அழுத்திக்கொண்டே போனேன், சொல்லும்படி ஒன்றுமில்லை. முன்னங்கால் மயிரில் குதிரை ஈயின் மஞ்சள் முட்டைகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், ஏனென்றால் அதன் புழுக்களும் இரைப்பைச் சுவரில்தான் போய்க் கவ்விக்கொள்ளும். குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. ரத்தப் பரிசோதனையில் பெரிதாக எதுவும் இல்லை. புண்ணுக்கென்று ரத்தத்தில் தனி அடையாளம் கிடையாது என்பதால் அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை.

"லத்தியில ரத்தம் இருக்கான்னு டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சுடாதா?" என்றார் மேனேஜர். நியாயமான கேள்வி. ஆனால் இரைப்பைக்கும் லத்திக்கும் நடுவில் முப்பது மீட்டர் குடல் இருக்கிறது. மேலே கசிகிற கொஞ்ச ரத்தம் வழியிலேயே செரித்துப்போகும். அந்தப் பரிசோதனையில் இல்லை என்று வந்தால் புண் இல்லை என்று அர்த்தமில்லை. இருக்கிறது என்று வந்தாலும் எங்கே என்று சொல்லாது.

பிறகு நேரக் கணக்கு. சாயங்காலம் ஐந்தரைக்குத் தவிடும் கொள்ளும், கூடவே ஒரு கட்டுப் புல். அது எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும். கேட்டைப் பூட்டிவிட்டு ஆட்கள் போய்விடுவார்கள். காலை ஆறு மணிக்கு முதல் வகுப்பு. வகுப்பு முடிந்து எட்டரைக்கு மேல்தான் அடுத்த வாய். பத்து மணி நேரம் காலி வயிறு, அதன்மேல் இரண்டு மணி நேரம் பிள்ளைகளைச் சுமந்து தொங்கோட்டம். "ராத்திரி தூங்கத்தானே செய்யுது?" என்றார். தூங்காது. குதிரை இரவில் தொடர்ந்து தூங்குகிற பிராணியே இல்லை, மொத்தத்தில் மூன்று நான்கு மணி நேரம்தான். மிச்ச நேரம் தரையை முகர்ந்துகொண்டு நிற்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகு குழாய் விட்டுப் பார்க்கத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும் என்பது என் கட்சி. கண்ணால் பார்த்தால்தான் புண் மேல்பகுதியிலா கீழ்ப்பகுதியிலா என்று தெரியும், இரண்டுக்கும் மருந்தும் நாளும் வேறு. சிக்கல் என்னவென்றால், ஜிஎஸ்டி சாலையில் தடுக்கி விழுந்தால் எண்டோஸ்கோப்பி சென்டர். எதிலும் குதிரைக்கு உதவுகிற குழாய் கிடையாது. மனிதர்களுக்கான குழாய் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், குதிரையின் உணவுக்குழாயில் பாதி வழியில் நின்றுவிடும். மூக்கிலிருந்து இரைப்பையின் கோடி வரை போய்த் திரும்பிப் பார்க்க மூன்று மீட்டர் வேண்டும். அதை வைத்திருக்கும் இடங்கள் சொற்பம். நாள் சொல்லி, வரவழைத்து, காத்திருந்து செய்ய வேண்டிய காரியம்.

முந்தின நாள் சாயங்காலமே தீனியை நிறுத்த வேண்டும், பன்னிரண்டிலிருந்து பதினாறு மணி நேரம். கீழே பரப்பிய வைக்கோலையும் அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தின்றுவிடும், காலையில் குழாயை விட்டால் வைக்கோல்தான் தெரியும். தண்ணீர்த் தொட்டியைக் கடைசி நான்கு மணி நேரத்துக்கு எடுத்துவிடுவோம்.

காலையில் கழுத்து நரம்பில் மயக்க ஊசி. முழு மயக்கம் இல்லை. தலை தொங்கும், கீழுதடு தளரும், கால் நான்கும் ஊன்றியபடி நிற்கும். சைஸ் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, ஒருவர் குழாயை மூக்கின் கீழ் ஓரமாக மெல்ல ஏற்ற வேண்டும். மேல் ஓரமாகப் போனால் இடித்து ரத்தம் கொட்டும். தொண்டைக்கு வந்ததும் கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சினால் விழுங்கும், அந்த நொடியில் தள்ள வேண்டும். திரையில் வளையம் வளையமாகத் தெரிந்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டோம், பின்வாங்க வேண்டும். இன்னொரு ஆபத்தும் உண்டு. குழாய் தொண்டையில் மடங்கி வாய்க்குள் வந்துவிட்டால் குதிரை ஒரே கடி கடிக்கும். பல லட்ச ரூபாய் போச்சு.

உள்ளே போனதும் முதலில் ஒன்றும் தெரியாது, இருட்டும் ஈரமும்தான். காற்றை ஊதி இரைப்பையை விரிக்க வேண்டும். விரிய விரிய எதிர்ச்சுவர் வரும். மேலே வெளிறிய தோல், கீழே சிவந்த சதை, நடுவில் அந்த ரம்பக் கோடு. அந்தப் பெட்டைக் குதிரைக்குக் கோட்டை ஒட்டித் தோல் தடித்து மஞ்சளாகியிருந்தது. குழாயை வளைத்துச் சின்ன வளைவின் பக்கம் திருப்பினால் ஒன்றோடொன்று சேர்ந்த பள்ளங்கள், ஓரம் தூக்கி, அடி சிவந்து. பூஜ்யத்திலிருந்து நான்கு வரை தரம் போடுவது வழக்கம், இது மூன்று. மேனேஜர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கொம்பைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

அத்தோடு குழாயை உருவிவிடக் கூடாது. இரைப்பையின் அடிவாசல்வரை போக வேண்டும். திரவத்துக்குள் மூழ்கி, சுவரை ஒட்டியே தள்ளி, பொறுமையாகப் போனால்தான் கிடைக்கும். அவசரக்காரர்கள் இந்த இடத்தைப் பார்க்காமலேயே நல்ல சேதி சொல்லிவிடுவார்கள். அங்கேயும் மேடாக ஒரு சிவந்த திட்டு இருந்தது. திரும்பி வரும்போது ஊதிய காற்றை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாமே வயிற்று வலியை உண்டாக்கிவிட்டு வருவோம். குதிரைக்கு ஏப்பமும் சரியாக வராது, வாந்தியும் வராது.

மருந்து ஓமிப்ரசோல், நாமும் சாப்பிடுவதுதான். குதிரைக்கென்று பசை வடிவில் 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிலோவுக்கு 4 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 28 நாள். நானூறு கிலோ எடைக்கு 1,600 மில்லிகிராம். அதையே மனிதர்களுக்கான 20 மில்லிகிராம் கேப்ஸ்யூலாக வாங்கினால் ஒரு வேளைக்கு எண்பது. வேறொரு குதிரைக்காரர் அப்படித்தான் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் கேட்டு, கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார். வாங்கியவர் அத்தனையையும் பிரித்து, உள்ளே இருந்த குருணையை மிக்ஸியில் அரைத்து வெல்லத்தோடு உருட்டிக் கொடுத்தார். அந்தக் குருணையின் மேல் பூச்சே அமிலத்தில் மருந்து கெட்டுப்போகாமல் இருக்கத்தான். அரைத்ததும் மருந்து போச்சு, வெல்லம் மட்டும் போய்ச் சேர்ந்தது. பசை மருந்தையும் காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி, முக்கால் மணி கழித்துத்தான் தீனி போட வேண்டும். பந்தயக் குதிரையாக இருந்தால் ஓட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்ற கணக்கும் சேர்ந்துகொள்ளும்.

அடிவாசல் திட்டுக்காக சுக்ரால்ஃபேட் என்ற மருந்தையும் சேர்த்தேன். கீழ்ப்பகுதிப் புண் ஓமிப்ரசோலுக்கு மட்டும் அவ்வளவாக மசியாது. 28 நாளில் ஆறுவது நான்கில் ஒரு பங்குதான். அங்கே வலி மாத்திரைகளும் காரணமாகலாம். நொண்டுகிறது என்று ஃபினைல்பியூட்டசோனை நாள்கணக்கில், அளவு தெரியாமல் ஊட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கால் வலிக்குக் கொடுத்தது வயிற்றில் போய் நிற்கும்.

எல்லா வயிறும் புண் வயிறு அல்ல என்பதைக் கடற்கரைக் குதிரைகள் நினைவூட்டிக்கொண்டே இருக்கும். பெசன்ட் நகரில் சவாரி விடுகிற ஒரு தம்பி, குதிரை தின்ன மாட்டேன் என்கிறது, படுத்துப் படுத்து எழுந்திருக்கிறது, "அல்சரா டாக்டர் சார்?" என்று கேட்டார். புல்லை மணல்மேலேயே கொட்டித் தின்ன விடுகிற பழக்கம் அங்கே. நீளக் கையுறை ஒன்றில் லத்தி உருண்டைகளைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, விரல்கள் கீழே தொங்கும்படி சேணம் மாட்டும் ஆணியில் கட்டித் தொங்கவிட்டோம். கால் மணி நேரத்தில் ஐந்து விரல் நுனியிலும் மணல் இறங்கி நின்றது. அவரே பிடித்துப் பார்த்து, "பீச்சே உள்ள இருக்கு சார்" என்றார். இசப்கோல் கொடுத்து, ரப்பர் தொட்டியில் புல் போடச் சொல்லி அனுப்பினேன். மூன்று மீட்டர்க் குழாய் எதற்கு, ஒரு கையுறை போதும் என்கிற நாட்களும் உண்டு.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மூழ்கியபோது புல் வண்டிகள் வரவில்லை. லாயங்களில் இருந்தது தவிட்டு மூட்டைதான். புல்லில்லாத வயிற்றில் அதையே இரண்டு மடங்காகக் கொட்டினார்கள், பாவம், பட்டினி போடக் கூடாதென்ற நல்லெண்ணத்தில். தண்ணீர் வடிந்து வாரங்கள் ஆன பிறகும் தொட்டியில் மிச்சம் வைக்கிற குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயணமும் இதே வேலையைச் செய்யும். ஏற்றி இறக்கி, இடம் மாற்றி, தீனி நேரம் குழம்பினால் ஐந்தே நாளில் புண் வருமென்று ஆய்வே இருக்கிறது. கிண்டியில் குளிர்காலப் பந்தயம் முடிந்ததும் ஏப்ரலில் ஊட்டிக்கு லாரி ஏறுவது இங்குள்ள குதிரைகளின் வழக்கமாக இருந்தது. 2024 ஜூனில் ஊட்டி மைதானத்தையும் செப்டம்பரில் கிண்டி நிலத்தையும் அரசு கையில் எடுத்துக்கொண்டது. நிலம் யாருக்கு என்பது வழக்கறிஞர்கள் பாடு. லாரி ஏறுகிற குதிரைக்கு முன்னால் ஒரு புல் வலையைக் கட்டிவிடுங்கள், வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள் என்பது மட்டும்தான் நான் சொல்லக்கூடியது.

சவாரிப் பள்ளியில் பெரிய தகராறு மருந்துக்காக வரவில்லை, புல்லுக்காக வந்தது. நானூறு கிலோ குதிரைக்கு உலர்ந்த கணக்கில் நாளொன்றுக்கு ஆறு கிலோவாவது நார்த்தீவனம் வேண்டும். கம்பு–நேப்பியர் பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால் முப்பது கிலோ ஆகிவிடும். அவர்கள் போட்டது அதில் பாதிகூட இல்லை. குதிரை மசால் கொஞ்சம் கலந்தால் அதிலுள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தைத் தாங்கும் என்றேன். தவிட்டைக் குறைத்து மூன்று வேளையாகப் பிரிக்கச் சொன்னேன். ராத்திரி பத்து மணிக்கு வாட்ச்மேன் ஒரு வலைப் புல் கட்ட வேண்டும், காலையில் சேணம் போடுவதற்கு முன் இரண்டு கைப்பிடி புல்லாவது உள்ளே போக வேண்டும், அது மிதந்துகொண்டு அமிலம் மேலே தெறிக்காமல் தடுக்கும் என்றும் சொன்னேன்.

"வாட்ச்மேனுக்குத் தனிச் சம்பளம் கேப்பான் டாக்டர்."

"ஒரு குழாய்ப் பரிசோதனைச் செலவில் அவருக்கு எத்தனை மாசம் கொடுக்கலாம்னு கணக்குப் பாருங்க."

பார்த்தார் போலிருக்கிறது. ஒரு மாதம் கழித்து மறுபடி குழாய் விட்டபோது மேல்பகுதிப் பள்ளங்கள் மூடி, புதுத் தோல் ஏறியிருந்தது. அடிவாசல் திட்டு சுருங்கியிருந்ததே தவிர போகவில்லை. சுக்ரால்ஃபேட்டைத் தொடரச் சொன்னேன். வாரத்தில் இரண்டு நாள் முழு ஓய்வு என்று எழுதிக்கொடுத்தேன். கீழ்ப்பகுதிப் புண்ணுக்கு ஓய்வு நாட்கள் உதவுகின்றன. மூன்றாம் முறை குழாய் விடுவதற்கான செலவை யார் ஏற்பது என்று பேச்சு எழுந்தது. தொட்டியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று சைஸ் தினமும் சுவரில் சாக்பீஸால் குறித்து வரட்டும், அது ஏறினால் மட்டும் குழாய் என்று முடிவு செய்தோம். பள்ளியில் மிச்சமிருந்த குதிரைகளுக்கும் ராத்திரிப் புல் கிடைக்கத் தொடங்கியது. அந்தச் செலவை மேனேஜர் பெற்றோர்களின் மாதக் கட்டணத்தில் ஏற்றிவிட்டார்.